கருவை வைத்துக் கோத்த பிளேலிஸ்ட்டும் இண்டி மேடையும்: புதிதாக வருபவர்களுக்கு

யாரென்றே தெரியாத ஒரு குழுவின் பாட்டை ஒருவரை முழுசாகக் கேட்க வைப்பது லேசான காரியமல்ல. பாட்டு மோசம் என்று அர்த்தமில்லை. கேட்பவருக்கு ஒரு காரணம் வேண்டும். படத்தில் வந்த பாட்டென்றால் படமே காரணம். பெயர்பெற்ற பாடகர் என்றால் பெயரே போதும். வீட்டு அறையில் பதிவுசெய்து கைக்காசில் வெளியிட்ட பாட்டுக்கு அப்படி எந்தத் துணையும் கிடையாது. அந்தத் துணையைக் கொடுப்பதுதான் ஒரு கருவை வைத்துக் கோத்த பிளேலிஸ்ட். அதைக் கேட்டவரை வீட்டை விட்டுக் கிளப்பி, பாடியவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது நேரடி நிகழ்ச்சி. ஓர் ஊரில் இந்த இரண்டும் கைகோத்தால்தான் அங்கே இண்டி வட்டம் என்று ஒன்று நிலைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால், நல்ல பாட்டுகள் இருக்கும், நல்ல இரவுகள் இருக்கும், ஆனால் வட்டம் இருக்காது.

முதலில் இண்டி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பெரிய இசை நிறுவனத்தின் முதலீடும் கட்டுப்பாடும் இல்லாமல், தானே எழுதி, தானே பதிவுசெய்து, தானே வெளியிடும் இசை. அது ஒரு பாணி அல்ல. கிதாரும் இருக்கலாம், கணினியில் செய்த தாளமும் இருக்கலாம், வெறும் குரலும் இருக்கலாம். இதற்கு எல்லோரும் காட்டும் பழைய உதாரணம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த பஸ்காக்ஸ் என்ற குழு. 1977 ஜனவரியில் அவர்கள் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு பெயரை வைத்துக்கொண்டு, நான்கு பாட்டுகள் கொண்ட ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்கள். முதலில் அடித்தது 1000 பிரதிகள். இசைத்தட்டு போடுவதென்றால் லண்டனில் இருக்கும் பெரிய நிறுவனங்கள்தான் என்றிருந்த காலத்தில், "நாமே போடலாம் போலிருக்கிறதே" என்ற எண்ணத்தை அது பலருக்குக் கொடுத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழு வாசித்தது. ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி. பஸ்காக்ஸைத் தொடங்கிய அதே இருவர். வந்திருந்தவர்கள் சில டஜன் பேர்தான். ஆனால் அந்தச் சிறு கூட்டத்தில் இருந்தவர்களிடமிருந்துதான் பின்னாளில் ஜாய் டிவிஷன், தி ஃபால் போன்ற குழுக்கள் கிளம்பின. வட்டம் என்று நான் சொல்வது இதைத்தான். மேடையில் இருப்பவர்கள் மட்டும் வட்டம் ஆகிவிட மாட்டார்கள். இடத்தைப் பேசிப் பிடித்தவர், போஸ்டர் வரைந்தவர், ஒலியமைப்பைப் பார்த்துக்கொண்டவர், பின்வரிசையில் கைகட்டி நின்று பார்த்துவிட்டு அடுத்த வாரமே ஒரு கிதார் வாங்கியவர் எல்லோரும் சேர்ந்ததுதான் அது.

பட்டியலிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து பட்டியலுக்கு

பிளேலிஸ்ட் என்றதும் கைபேசிச் செயலிதான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்பாட்டிஃபை வந்தது 2008இல். பாட்டுகளைப் பொறுக்கிக் கோப்பது அதைவிட எவ்வளவோ பழையது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டைக் கொண்டுவந்த பிறகு, யார் வேண்டுமானாலும் தன் விருப்பப்படி பாட்டுகளைக் கோத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடிந்தது. இண்டி உலகம் அந்த வசதியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. அதில் இரண்டு நிகழ்வுகளைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால், மேலே சொன்ன கைகோப்பு எப்படி நடக்கிறது என்பது புரிந்துவிடும்.

ஒன்று, பட்டியல் முன்னால் போய் மேடை பின்னால் வந்த கதை. 1986இல் பிரிட்டனின் என்எம்ஈ என்ற இசை வார இதழ், ரஃப் டிரேட் என்ற சுயாதீன இசை நிறுவனத்தோடு சேர்ந்து சி86 என்று ஒரு கேசட்டைத் தொகுத்தது. 22 குழுக்கள், குழுவுக்கு ஒரு பாட்டு. பெரும்பாலானவை சின்ன நிறுவனங்களில் இருந்தவை. வாசகர்கள் தபாலில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கேசட்டோடு விஷயம் முடியவில்லை. அதே ஆண்டு ஜூலையில் லண்டனின் ஐசிஏ கலை மையத்தில், அதில் இடம்பெற்ற குழுக்களை வைத்து ஒரு வாரம் நிகழ்ச்சிகள் நடந்தன. கேசட்டில் காதால் மட்டும் தெரிந்த குரலை அந்த வாரம் நேரில் பார்க்கலாம். விளைவு என்ன தெரியுமா? வெவ்வேறு ஊர்களில், ஒன்றுக்கொன்று பெரிதாகச் சம்பந்தமில்லாமல் இருந்த குழுக்களை மக்கள் ஒரே கூட்டமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். சி86 என்ற கேசட் பெயரே பின்னாளில் ஒரு பாணியின் பெயராகிவிட்டது.

இன்னொன்று எதிர்த்திசையில் நடந்தது. 1978 மே மாதம் நியூயார்க்கில் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பேஸ் என்ற கலைக்கூடத்தில் உள்ளூர்க் குழுக்கள் சில இரவுகள் வாசித்தன. பார்க்க வந்தவர்களில் பிரிட்டிஷ் இசைக்கலைஞரும் தயாரிப்பாளருமான பிரையன் ஈனோவும் ஒருவர். கேட்டதை அப்படியே விடக்கூடாது என்று நான்கு குழுக்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு பாட்டு என்று பதினாறு பாட்டுகள் கொண்ட தொகுப்பைத் தயாரித்தார். 'நோ நியூயார்க்' என்ற பெயரில் அதே ஆண்டு வெளிவந்தது. அந்த மேடையை நேரில் பார்க்காத உலகத்துக்கு இன்றும் அந்தச் சூழலைக் காட்டுவது அந்தத் தொகுப்புதான். ஆனால் அதே மேடையில் வாசித்த மற்ற குழுக்கள் வெளியே நின்றுபோயின. தொகுப்பவருக்கு எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. உள்ளூர்ப் பட்டியலில் ஒருவரைச் சேர்க்காமல் விட்டால், பல சமயம் அந்தக் குழு இருந்ததற்கான தடயமே மிஞ்சாது.

இந்த இரண்டிலும் வடிவம் வேறு என்பதைக் கவனித்தீர்களா? குழுவுக்கு ஒரு பாட்டு என்றால் வட்டத்தின் அகலம் தெரியும். சில குழுக்கள், தலைக்கு நான்கு பாட்டு என்றால் ஆழம் தெரியும். நியூசிலாந்தின் டனீடின் நகரத்துக் குழுக்கள் நான்கை ஃப்ளையிங் நன் நிறுவனம் 1982இல் ஒரே வெளியீட்டில் கொண்டுவந்தபோது, இரண்டு இசைத்தட்டுகளின் நான்கு பக்கங்களையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தது. புதிதாக ஒரு பட்டியல் போடப்போகிறவர் இரண்டில் எது வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போனால் எண்பது பாட்டு சேர்ந்துவிடும். அதை யாரும் முழுதாகக் கேட்க மாட்டார்கள்.

கரு என்பது எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும்

என் பதில்: நீங்கள் முதலில் நினைப்பதைவிட ரொம்பக் குறுகலாக. "மழை" என்பது கரு அல்ல, அது ஒரு தலைப்பு. மழையைப் பற்றிய பாட்டு எந்த ஊரிலும் ஆயிரம் கிடைக்கும். "மழை விட்ட பிறகு வெளியே வருபவரின் பாட்டுகள்" என்று சுருக்கிப் பாருங்கள். உடனே சில பாட்டுகள் தாமாக உள்ளே வரும், சில கழன்றுகொள்ளும். கரு பாட்டின் பொருளில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு குரல், ஒரு கருவி மட்டும் என்று ஒலியில் வைக்கலாம். கைபேசியில் பதிவானவை மட்டும் என்று செய்முறையில் வைக்கலாம். ஒரே டிரம்மர் வாசித்த ஏழு வெவ்வேறு குழுக்கள் என்று ஆளை வைத்தும் கோக்கலாம். சின்ன ஊர்களில் இந்தக் கடைசி வகை அருமையாக அமையும். ஏனென்றால் அங்கே ஒரே ஆள் நாலு குழுவில் வாசித்துக்கொண்டிருப்பார்.

ஒரு பட்டியலை எடுத்துக் கையோடு செய்து பார்ப்போம். கரு: கடைசி பஸ். இரவு வெகுநேரம் கழித்து வீட்டுக்குத் திரும்பும்போது கேட்க வேண்டிய பாட்டுகள். நேரம் 45 நிமிடத்துக்குள். பழைய சி90 கேசட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான், ஒரே மூச்சில் கேட்க அது இன்றைக்கும் சரியான அளவு. பத்திலிருந்து பன்னிரண்டு பாட்டு பிடிக்கும். பாட்டில் பஸ் வர வேண்டிய அவசியமே இல்லை. பஸ் வருகிறது என்பதற்காகச் சேர்த்த பாட்டுதான் பெரும்பாலும் பட்டியலைக் கெடுக்கும். களைப்பு இருக்கிறதா, பேச்சு ஓய்ந்த பிறகான நிதானம் இருக்கிறதா, அதைப் பாருங்கள்.

முதல் பாட்டில் குரலோ மெட்டோ சீக்கிரம் வந்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் கிதார் அதிர்வோடு தொடங்கும் பாட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முதலிடத்துக்கு ஆகாது. இதில் ஒரு கணக்கும் இருக்கிறது: ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாக எண்ணிக்கையில் ஏறும். வட்டத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை இரண்டாவதாக வையுங்கள். யாரும் கேட்டிராத புதுக்குழுவை மூன்றாவதாக, அதற்கடுத்து மறுபடி பழகிய குரல் ஒன்று. புதுப் பாட்டுக்கு இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் நிற்க வேண்டும். பட்டியலின் கடைசியில் தள்ளிவிட்டு "சேர்த்துவிட்டேனே" என்று சொல்வது அந்தக் குழுவுக்கு எந்த உதவியும் செய்யாது.

அப்புறம் ஒட்டு. ஒரு பாட்டின் கடைசிப் பதினைந்து விநாடியையும் அடுத்த பாட்டின் முதல் பதினைந்து விநாடியையும் மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். சுருதி உரசுகிறதா, வேகம் திடீரென்று தாவுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒலியளவுதான் உள்ளூர்ப் பதிவுகளில் பெரிய தலைவலி. ஒருவர் ஸ்டுடியோவில் செய்திருப்பார், இன்னொருவர் படுக்கையறையில். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் பாட்டுகளை ஏறத்தாழ -14 எல்யூஎஃப்எஸ் என்ற அளவுக்குச் சமப்படுத்தும். எல்யூஎஃப்எஸ் என்பது காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்பதை அளக்கும் அலகு. ஆனால் அது அளவைத்தான் சமப்படுத்தும், தன்மையை அல்ல. அடர்த்தியான, பளபளப்பான பதிவுக்கு அடுத்து மெலிந்த வீட்டுப் பதிவு வந்தால் பாவம், அது இன்னும் மெலிந்து தெரியும். நடுவில் குரல் மட்டும் உள்ள ஒரு பாட்டை வைத்தால் காது தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

விவரப் பகுதியைக் காலியாக விடாதீர்கள். எந்தக் குழு, எந்த ஆண்டுப் பதிவு, அடுத்து எங்கே வாசிக்கிறார்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். பாட்டைக் கேட்டவர் அதே வாரம் அந்த ஆளை நேரில் பார்க்கலாம் என்பதுதான் உள்ளூர்ப் பட்டியலின் தனிப்பெரும் வசதி. உலகப் புகழ் பெற்றவர்களின் பட்டியலில் அது கிடைக்காது.

காசு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2024 முதல், கடந்த 12 மாதங்களில் ஒரு பாட்டு குறைந்தது 1000 முறை ஓடியிருந்தால்தான் ஸ்பாட்டிஃபை அதற்குப் பணம் கணக்கிடும். உள்ளூர்க் குழுக்களின் பல பாட்டுகள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். அதனால் பிளேலிஸ்ட்டை வருமானமாக நினைக்கக் கூடாது, வாசல் கதவாக நினைக்க வேண்டும். வருமானம் டிக்கெட்டிலும், நிகழ்ச்சியில் விற்கும் டி-ஷர்ட்டிலும், பேண்ட்கேம்ப் போல நேரடியாகப் பாட்டை விலைக்கு விற்கும் தளங்களிலும் இருக்கிறது. "காசு கொடுத்தால் இத்தனை ஆயிரம் முறை ஓட வைக்கிறோம்" என்று வருகிறவர்களை அண்டவிடாதீர்கள். போலி ஓட்டம் என்று கண்டுபிடித்தால் அந்த எண்ணிக்கையை அழித்துவிடுவார்கள், சில சமயம் பாட்டையே தளத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். பாதிப்பு குழுவுக்குத்தான்.

கருவோடு மேடை ஏறுவது

பட்டியலின் கருவை அப்படியே மேடைக்குக் கொண்டுபோகலாம். "கடைசி பஸ்" பட்டியலில் இருந்து மூன்று குழுக்களை அழைத்து அதே பெயரில் ஓர் இரவு நடத்தலாம். கேட்டவர்களுக்கு எதற்காக வருகிறோம் என்பது தெளிவாகத் தெரியும். ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மாற்றிப் பாடும் இரவு. ஒவ்வொரு குழுவும் அதே ஊரின் இன்னொரு குழுவுடைய பாட்டு ஒன்றைத் தன் பாணியில் வாசிக்க வேண்டும். உலகப் புகழ் பெற்ற பாட்டை எடுப்பது எளிது, அதற்குக் கைதட்டலும் எளிதில் கிடைக்கும். பக்கத்துத் தெரு குழுவின் பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அதைப் பலமுறை உட்கார்ந்து கேட்க வேண்டும், எழுதியவரிடமே போய் "இந்த இடத்தில் என்ன ஸ்வரம் பிடிக்கிறீர்கள்" என்று கேட்க வேண்டும். சத்தமான குழு ஒன்று தனியாகப் பாடுபவரின் மெல்லிய பாட்டை எடுத்து டிரம்ஸோடு வாசிக்கும்போது, எழுதியவர் முன்வரிசையில் நின்று தன் பாட்டை முதன்முறையாக வெளியாளாகக் கேட்பார். அந்த இரவுக்குப் பிறகு அந்தப் பாட்டு ஒருவருடையது மட்டும் அல்ல. அன்று வாசித்தவற்றைப் பதிவுசெய்து சேர்த்தால் அடுத்த பிளேலிஸ்ட்டும் தயார்.

நடைமுறையில் சில விஷயங்கள். பலமுறை நடத்தியவர்கள் இவற்றைச் சொல்லாமலே செய்துவிடுவார்கள், புதியவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். ஒலிச் சோதனை, அதாவது சவுண்ட்செக், தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியில் வாசிக்கும் முக்கியக் குழு முதலில் சோதித்துவிடும், முதலில் வாசிக்கப்போகிற குழு கடைசியில் சோதிக்கும். அப்படிச் செய்தால், கதவு திறக்கும்போது மேடையில் முதல் குழுவின் அமைப்பு அசையாமல் அப்படியே இருக்கும். டிரம்ஸை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். ஆனால் சிம்பல் என்ற உலோகத் தட்டு, ஸ்னேர் என்ற சின்ன டிரம், கால் பெடல் மூன்றையும் அவரவர் கொண்டுவருவதுதான் வழக்கம், ஏனென்றால் உடைவதும் தேய்வதும் அவைதான். இதைப் போஸ்டர் போடும் நாளிலேயே எல்லோரிடமும் பேசிவிட வேண்டும். ஒரு குழுவுக்கு அரை மணி, இடையில் பதினைந்து நிமிட மாற்றம் என்று வைத்தால் மூன்று குழுக்கள் இரண்டு மணி நேரத்தில் முடியும். மாற்ற நேரம்தான் எப்போதும் கையை விட்டுப் போகும். கழற்றிய கருவியை மேடையில் வைத்தே பெட்டிக்குள் போடாமல், முதலில் கீழே இறக்கிவிட்டு அப்புறம் போட்டால் பாதி நேரம் மிச்சம்.

அந்த இடைவெளியில் ஸ்பீக்கரில் என்ன ஓடுகிறது? பெரும்பாலும் யாரோ ஒருவரின் கைபேசியிலிருந்து வரும் புகழ்பெற்ற பாட்டு. அங்கே உங்கள் உள்ளூர்ப் பட்டியலை ஓட விடுங்கள். கூட்டம் காதைத் திறந்து வைத்திருக்கும் நேரம் அது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: செயலிகளின் தனிநபர் கணக்கு சொந்த உபயோகத்துக்கானது, பொது இடத்தில் ஒலிபரப்ப அதில் அனுமதி இல்லை. எனவே குழுக்களிடமே கோப்புகளைக் கேட்டு வாங்கி ஓட்டுங்கள், பொது இடத்தில் இசை ஒலிக்கத் தேவையான உரிமம் அரங்கத்திடம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நுழைவுக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாஷிங்டன் டி.சி.யின் ஃபுகாஸி குழு பெயர்பெற்ற பிறகும் டிக்கெட்டை ஐந்து டாலர் அளவிலேயே வைத்திருந்தது, எல்லா வயதினரையும் அனுமதிக்கும் இடங்களில்தான் வாசித்தது. எல்லோராலும் அப்படி முடியாது. ஆனால் பதினாறு வயதுக்காரர் உள்ளே வர முடியாத வட்டத்தில் பத்து வருடம் கழித்துப் புதுக்குழு எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

கேட்க மட்டும் வருபவர்களுக்கு: முதல் குழு தொடங்கும் முன்பே வந்துவிடுங்கள். மூன்று பெயர்களில் உங்களுக்குத் தெரியாத பெயர் பெரும்பாலும் அதுதான், கண்டுபிடிப்பதற்கு ஏதாவது இருந்தால் அங்கேதான் இருக்கும். காதடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான் பாதுகாப்பான வரம்பு என்பது அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல நிறுவனத்தின் கணக்கு. சின்ன அறையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றால் அந்த அளவு எளிதாக வந்துவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் பாடியவரிடம் போய்ப் பேசலாம், அவர்கள் அதற்காகத்தான் டி-ஷர்ட் விற்கும் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். "நன்றாக இருந்தது" என்பதைவிட எந்தப் பாட்டு என்று சொன்னால் அவர்களுக்கு அது பெரிய உதவி.

கடைசியாக, தொகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே பட்டியலை மாதாமாதம் அழித்து அழித்துப் புதுப்பிக்காதீர்கள். ஒவ்வொரு கருவுக்கும், ஒவ்வொரு இரவுக்கும் தனிப் பட்டியல் போட்டு, மாதமும் ஆண்டும் பெயரிலேயே வையுங்கள். யார் வாசித்தார்கள், எந்த வரிசையில், எந்த இடத்தில் என்பதை விவரத்தில் எழுதிவிடுங்கள். குழுக்கள் கலைந்துபோகும்போது பாட்டுகளும் சில சமயம் தளங்களிலிருந்து காணாமல் போய்விடும். அதனால் அவர்கள் சம்மதத்தோடு கோப்புகளின் பிரதி ஒன்றையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.